இரண்டாம் நம்பர் வண்டி

குரலை மாற்றியிருந்தார்கள்.
கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல
தடித்து, மெதுவாய்.
முகத்தில் இருட்டு.
பெயர் வரவேண்டிய இடத்தில்
வேறு யாருடையதோ பெயர்.
விரலை மாற்ற மறந்துபோனார்கள்.

வலது பெருவிரல்
சுட்டுவிரல் நகத்தை உரசும்,
நிற்கும்,
மறுபடி உரசும்.
கிறேபெல்ட் சலவைச்சாலையில்
அழுத்தும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம்
பதினான்கு வருடமாக அதைப் பார்க்கிறேன்.
நோர்பெர்ட்.

சனலை மாத்தும், என்றார் யூஜின்.
செபக்குழுவின் வட்சப்பில் காலையிலேயே வந்திருந்தது:
திருச்சபைக்கு எதிரான படம், பார்க்கவேண்டாம்,
பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.
நானும் அனுப்பியிருந்தேன்
நாலு பேருக்கு,
பஸ்ஸில் நின்றபடி.

ரிமோட் என் மடியில்தான் கிடந்தது.

எனக்கு ஒன்பது வயது, என்றது அந்தக் குரல்.
பீடத்துக்குப் பின்னால் ஓர் அறை.
சாவி உள்பக்கம் இருந்தது.
அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
யாரும் கேட்கவுமில்லை.
ஒரு ஜன்னலைக் காட்டினார்கள்,
மழை பெய்தது,
நெடுநேரம்.

பிறகு கடிதங்கள்.
தட்டச்சு, முத்திரை, ஆயரின் கையெழுத்து.
"உடல்நலம் கருதி இடமாற்றம்."
வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்ந்தது,
இன்னோர் ஊர்,
இன்னோர் ஊர்.
எந்த ஊரிலும் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை.

எங்கள் வேலையில்
கறை போகாத துணியை
அடுத்த கூடைக்குள் நழுவவிட முடியாது.
தனியே எடுத்துச் சீட்டுக் குத்தவேண்டும்:
என்ன கறை, எந்த நாள், யார் கண்டது.
மணிக்குப் பதினைந்து யூரோக்கூட இல்லாத வேலை.

புதன்கிழமைகளில் கோயில்களின் உருப்படி வரும்.
இரண்டாம் நம்பர் வண்டி.
அங்கிகள், பீட விரிப்புகள்.
நோர்பெர்ட் அதைத் தொடமாட்டார்.
முதுகு, என்பார்.
ஆஸ்பத்திரி வண்டியை இழுத்துக்கொண்டு போவார்,
அதுவோ இரண்டு மடங்கு பாரம்.
முதுகுவலிக்காரன் பாரத்தைக் கேட்டு வாங்குகிறான் என்று
மற்றப் பெண்களோடு சேர்ந்து
நானும் சிரித்திருக்கிறேன்.

கேவலார் மாதா திருவிழாவுக்கு
வருடா வருடம் என் வேலை நேரத்தை
அவர்தான் ஏற்றுக்கொள்வார்.
எனக்காகவும் மன்றாடும் என்று
ஒருதரம்கூடச் சொன்னதில்லை.

படம் முடிந்தது. யூஜின் தூங்கிவிட்டார்,
அல்லது கண்ணை மூடியிருந்தார்.
லெயோனின் அறைக்குப் போனேன்.
நாற்காலியில் அவனுடைய அங்கி,
ஞாயிறுக்காக நானே மடிப்பு வைத்தது.
செய்தி வாசிப்பவர்கள் சொல்லும் சொல் ஒன்று
எனக்கும் தெரியும்: துஷ்பிரயோகம்.
அதை வாயில் வைத்துக்கொண்டு
பிள்ளையின் கட்டிலில் எப்படி உட்காருவது?

விடிய, பாலும் சோளப்பொரியுமாக அவன் இருக்கையில்,
யாராவது கதவைப் பூட்டினால்
என்னட்ட சொல்லுவியா, என்றேன்.
எந்தக் கதவு, அம்மா?
எந்தக் கதவெண்டாலும்.
கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.
அந்தப் பார்வையை இன்னும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

இன்று புதன்.
வண்டிகள் வந்தன. அவர் கேட்குமுன்
இரண்டாம் நம்பரின் பிடியில் என் கை.
நேற்றுத் தொலைக்காட்சி பார்த்தாயா என்று
யாரும் யாரையும் கேட்கவில்லை.
நீராவி எழுந்தது.
அந்தப் பக்கம் பெருவிரல்
உரசியது, நின்றது.
முதுகு எப்படி, என்றேன்.
பதினான்கு வருடத்தில் முதல் தடவை.
யோசித்துப் பதில் சொன்னார்:
முதுகில் ஒன்றுமில்லை.

ஓம், என்றேன்,
தமிழில், அறியாமல்.

இடைவேளையில் அந்த நாலு பேருக்கும் எழுதினேன்:
நான் பார்த்தேன். நீங்களும் பாருங்கள்.
மூன்று நீலமாயின.
பதில் இல்லை.
நான்காவது, கொன்ஸ்ரன்ரைன் அண்ணை,
எழுதுகிறார்,
எழுதுகிறார்,
நிறுத்திவிட்டார்,
மறுபடி எழுதுகிறார்.